பிள்ளைய யாரு பாக்குறது?

மலையகத்தில் ஒரு பெண் எங்கே கிளம்பினாலும் முதலில் வருகிற கேள்வி இதுதான்: "அப்ப பிள்ளைய யாரு பாக்குறது?" மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனாலும் இதே கேள்வி. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாலும் இதே கேள்வி. படிக்கப் போகிறேன் என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் சத்தமாக இதே கேள்வி.

கேட்பவர்கள் ஏதோ அக்கறையில் கேட்பது போலத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. பிள்ளை பெற்ற பிறகு பல்கலைக்கழகம் போவதைப் பற்றி எழுதலாமே என்று எங்கள் குழுவில் பேச்சு வந்தபோது, இன்றைய கஷ்டங்களை மட்டும் பட்டியல் போடுவதில் எங்களுக்கு இஷ்டம் இருக்கவில்லை. இந்தக் கேள்வியை இதுவரை யார் யார் கேட்டார்கள், எதற்காகக் கேட்டார்கள், கேட்டதோடு நிற்காமல் என்ன செய்தார்கள் என்று பார்க்க நினைத்தோம். பதுளையையும் ஊவாத் தோட்டங்களையும் வைத்தே பார்ப்போம். எங்களுக்குத் தெரிந்த இடம் அதுதான்.

சுருக்கமாகச் சொன்னால் நாங்கள் கண்டது இது. தோட்டம் இந்தக் கேள்வியைக் கேட்டது, கேட்டுவிட்டு ஒரு காம்பராவைக் கொடுத்தது. அரசாங்கம் கேட்டது, கேட்டுவிட்டு ஒரு தடையைப் போட்டது. கல்வி மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. படிக்க வருகிறவருக்குப் பிள்ளை இருக்காது என்று அது தானாகவே முடிவு செய்துகொண்டது.

தேயிலையோடு வந்த கேள்வி

கோப்பிக் காலத்தில் இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் நிறையக் கைகள் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பியவர்கள் ஏராளம். 1869இல் இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்ட இலைநோய் கோப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் ஏழெட்டு நாளில், பத்து நாளில் மறுபடியும் அதே மலைக்கு வரவேண்டும். வருடம் முழுக்க வேலை. அதற்கு வந்து போகிற ஆள் போதாது, தங்கி இருக்கிற குடும்பம் வேண்டும். கொழுந்து எடுக்கும் வேலை பெண்களுடையது என்று ஆனது. பெண்கள் தங்கினால் பிள்ளைகளும் லயத்தில் பிறக்கும்.

அப்படிப் பார்த்தால் குடும்பத்தைத் தோட்டத்தில் தங்க வைத்ததே தேயிலைதான். தங்க வைத்த பிறகு கம்பனிக்கு ஒரு சிக்கல் வந்தது. அதிகாலையில் பிரட்டுக்களத்துக்கு வந்து பேர் போட வேண்டிய பெண்ணின் கையில் ஆறு மாதப் பிள்ளை இருக்கிறது. பிள்ளையோடு வீட்டில் இருந்தால் அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. அவளுக்கு அது ஒரு நாள் சோறு, தோட்டத்துக்கோ ஒரு கூடைக் கொழுந்து. பிள்ளையை யார் பார்ப்பது என்று துரைமார் கேட்டது அந்தக் கூடைக்காகத்தான்.

பதில்தான் பிள்ளைக் காம்பரா. சில தோட்டங்களில் பிள்ளை மடுவம் என்பார்கள். ஆரம்பத்தில் அது பெரும்பாலும் ஒரு லயக் காம்பரா, இல்லாவிட்டால் ஒரு தகரக் கொட்டில். உள்ளே வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். மலையில் ஏறி வேலை செய்ய முடியாத ஒரு வயதான அம்மா எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார். பிரட்டோடு திறந்து, கடைசி நிறுவை முடிந்ததும் மூடும். தாய் மலையில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டுமோ அதுதான் காம்பராவின் மணிக்கூடு.

சட்டமும் இதே கணக்கில்தான் வந்தது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் இன்று இருக்கிற ஒரு விதியைப் பாருங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்க்கு ஒன்பது மணித்தியாலத்துக்குள் இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் கொடுக்க வேண்டும். வேலை கொடுப்பவர் பிள்ளைக் காம்பரா மாதிரி ஓர் இடம் வைத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலம். வைத்திருக்காவிட்டால் ஒரு மணித்தியாலம். காம்பரா இருந்தால் ஒரு நாளில் ஒரு மணித்தியாலம் மிச்சம் என்பது வேலை கொடுப்பவருக்கு உடனே புரிகிற கணக்கு. இதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. இந்த விதி பல தாய்மாருக்குப் பால் கொடுக்க நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. ஆனால் அது எந்த நேரத்தை அளந்து, யாருக்காக எழுதப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளிடம் போனது. அதே காலத்தில் உருவான 'ட்ரஸ்ட்' நிறுவனம், வெளிநாட்டு உதவிகளோடு, பிள்ளைக் காம்பராக்களைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றியது. வயதான அம்மாவின் இடத்தில் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் வந்தார். சுவரில் எழுத்தும் படமும் வந்தன. பல தோட்டங்களில் இது உண்மையிலேயே நல்ல மாற்றம். ஆனால் கட்டடத்தின் அடிப்படை மாறவில்லை. தாய் வேலைக்குப் போவதற்காகத்தான் அது திறக்கிறது. தாய் படிக்கப் போவதற்காகத் திறக்கும் காம்பரா என்ற எண்ணமே எங்கும் எழவில்லை.

பள்ளிக்கூடமும் ஒரு பிள்ளைக் காம்பராதான்

தோட்டப் பள்ளிக்கூடத்தின் கதையையும் இதோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். 1907ஆம், 1920ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டங்கள் தோட்டப் பிள்ளைகளின் படிப்புக்கு வழி செய்யும் கடமையைத் தோட்டத் துரையிடம் கொடுத்தன. வயது எல்லை ஆறு முதல் பத்து வரை. ஏன் பத்து? பத்து வயதில் பிள்ளை சில்லறை வேலைக்குப் பேர் போட ஆரம்பிக்கும். வேலைக்கு முன்னால் இருக்கும் நான்கு வருடத்துக்கு எங்காவது உட்கார வைக்க ஓர் இடம், கூடவே கொஞ்சம் எழுத்தும் எண்ணும். பல பள்ளிகள் ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர். பதுளைக்குப் பக்கத்தில் இருக்கிற தெளிவத்தைத் தோட்டத்தில் அப்படி ஆசிரியராக இருந்தவர்தான் பிறகு தெளிவத்தை ஜோசப் என்று நாம் எல்லோரும் அறிந்த எழுத்தாளர். அவர் பேரில் ஒட்டிக்கொண்ட அந்தத் தோட்டத்தின் பெயரே ஒரு காலத்தின் அடையாளம்.

1945இல் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசம் என்று நாங்கள் எல்லோரும் வரலாற்றுப் பாடத்தில் படித்து, கன்னங்கரவின் பெயரையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். அந்தப் பாடத்தில் இல்லாத ஒரு வரி: தோட்டப் பள்ளிக்கூடங்கள் அந்தத் திட்டத்துக்கு வெளியே இருந்தன. மூன்று வருடம் கழித்து 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1960, 61இல் உதவி பெறும் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியே நின்றன. தோட்டங்கள் அரசாங்கத்திடம் வந்த பிறகு, 1970களின் கடைசியில் தொடங்கிக் கட்டங்கட்டமாகத்தான் அவை அரசாங்கப் பள்ளிகளாயின. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு 1945இல் திறந்த கதவு, நமக்கு ஒரு தலைமுறைக்கும் மேல் தாமதமாகத் திறந்தது.

இந்தத் தாமதத்துக்குள் இன்னொரு கதை இருக்கிறது. அது அக்காமாரின் கதை. பிள்ளைக் காம்பராவில் இடமில்லை, அல்லது பிள்ளைக்குக் காய்ச்சல், அல்லது அம்மாவுக்கு அடுத்த பிரசவம் என்றால் பிள்ளையைப் பார்த்தது யார்? வீட்டில் மூத்த பெண் பிள்ளை. நாலாம் வகுப்பில், ஐந்தாம் வகுப்பில் இருந்து அவளை நிறுத்தினார்கள். "தம்பியப் பாத்துக்க" என்ற இரண்டு சொல்லில் எத்தனை பேரின் படிப்பு முடிந்திருக்கிறது என்று கணக்கெடுத்த புத்தகம் எதையும் நாங்கள் கண்டதில்லை. ஆனால் எங்கள் குழுவில் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பெரியம்மாவோ அத்தையோ அப்படி நிறுத்தப்பட்டவராக இருக்கிறார்.

அக்கா இல்லாவிட்டால் அப்பாயி, அம்மாயி. அந்தத் துணையையும் வரலாறு உடைத்தது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. எண்ணாகப் பார்த்தால் அது ஒரு கணக்கு. லயத்துக்குள் நின்று பார்த்தால் ஒரே வீட்டில் சிலருக்கு இந்தியக் கடவுச்சீட்டு, சிலருக்கு இங்கத்திய பிரஜாவுரிமை. பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அந்தக் கோச்சியில் போனவர்களில் பிள்ளை பார்த்த பாட்டிமாரும் உண்டு. நாடற்றவர் பிரச்சினையை 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் தீர்த்தன. போன பாட்டியை எந்தச் சட்டத்தாலும் திருப்பித் தர முடியவில்லை.

தாய்மார் படித்த கல்லூரி

சரி, பிள்ளையோடு படித்தவர்களே மலையகத்தில் இல்லையா? இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். நம் ஆசிரியர்கள்தான் அவர்கள்.

1980களில் தோட்டத்துப் பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் தங்கவில்லை. அதனால் தோட்டத்து இளைஞர் யுவதிகளையே ஆசிரியர்களாகச் சேர்த்தார்கள். முதலில் வேலை, பிறகு பயிற்சி. அதே பத்தாண்டில் தொலைக்கல்வி மூலமான ஆசிரியர் பயிற்சியும் தொடங்கியது. பகலில் படிப்பிப்பது, இரவில் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு மொடியூல் வாசிப்பது, வார இறுதியில் வகுப்புக்குப் போவது. எங்களில் பலருக்கு 'அ' எழுதக் கொடுத்த டீச்சர்மார் இப்படிப் படித்தவர்கள்.

மறுபடியும் 2014இல் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. பெருந்தோட்டப் பள்ளிகளுக்கு மூவாயிரம் வரையிலான உதவி ஆசிரியர்களைச் சேர்ப்பதற்காக. ஆரம்பக் கொடுப்பனவு மாதம் 6,000 ரூபா. பல போராட்டங்களுக்குப் பிறகு அது 10,000 ஆனது. இலங்கை ஆசிரியர் சேவைக்குள் போக வேண்டுமென்றால் பயிற்சி முடிக்க வேண்டும். அதற்காக இவர்கள் கொட்டகலை போன்ற ஆசிரியர் கலாசாலைகளுக்குப் போனார்கள். பதுளையிலிருந்து கொட்டகலைக்குக் கோச்சியில் நாலைந்து மணித்தியாலம். போனவர்களில் கைக்குழந்தைக்காரர்கள் இருந்தார்கள். கலாசாலைக்குப் பக்கத்தில் அறை எடுத்து, அம்மாவையும் பிள்ளையையும் கூட்டிப்போய் வைத்துப் படித்தவர்கள் இருந்தார்கள். 10,000 ரூபாவில் அறை வாடகையும் பால்மாவும் என்றால் எப்படிச் சமாளித்திருப்பார்கள் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இதற்கு நேரெதிரான ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மலையகத்துக்குக் கிடைத்த பெரிய சொத்து. தோட்டப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கவென்றே ஜெர்மன் உதவியோடு வந்தது. ஆனால் நாட்டிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கு ஆட்களைச் சேர்க்கும் அறிவித்தல்களில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு நிபந்தனை, விண்ணப்பிப்பவர் திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்பது. தாதியர் பயிற்சிக்கும் இதே நிபந்தனை. தோட்டத்துப் பெண்ணுக்கு மிகக் கிட்டிய இரண்டு அரச தொழில் என்றால் டீச்சர், நர்ஸ். அந்த இரண்டு வாசலிலும் "கல்யாணம் முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, பார்த்தீர்களா? கலாசாலை, ஏற்கனவே வேலையில் இருப்பவருக்கு. அங்கே தாய் வரலாம், ஏனென்றால் அவள் முதலில் தொழிலாளி. கல்வியியற் கல்லூரி, மாணவருக்கு. அங்கே தாய் வர முடியாது. வேலைக்காரியாக வந்தால் பிள்ளைக்காரியாக இருக்கலாம், மாணவியாக வந்தால் இருக்கக் கூடாது. பிள்ளைக் காம்பரா கட்டிய காலத்தின் அதே தர்க்கம் இங்கேயும் நடக்கிறது.

அரசாங்கம் கேட்டபோது

1970களின் கடைசியிலிருந்து இலங்கைப் பெண்கள் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். பிறகு தோட்டங்களிலிருந்தும் நிறையப் பேர் போனார்கள். ஊவாவில் ஏஜென்சிக்காரர் கால் படாத டிவிஷன் கிடையாது. 2013இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டுப் பணிக்குப் போக முடியாது. அதற்கு மேல் என்றால், பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று காட்ட வேண்டும். பிறகு இந்த விதி தளர்த்தப்பட்டது.

அந்த அறிக்கை பெண்களிடம் மட்டும்தான் கேட்கப்பட்டது. தகப்பன் கட்டாருக்குப் போனால் எந்த அறிக்கையும் வேண்டாம். பிள்ளைகள் பாதிக்கப்படுகிறார்கள் என்ற கவலை பொய்யென்று நாங்கள் சொல்ல வரவில்லை. அம்மா வெளிநாட்டில் இருக்க வளர்ந்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். எங்கள் கேள்வி வேறு. பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று தெரிந்த அரசாங்கம், ஆளை ஏற்பாடு செய்யவில்லை. தாயைத்தான் நிறுத்தியது.

ஒரே ரோட்டின் இரண்டு முனை

இப்போது பல்கலைக்கழகத்துக்கு வருவோம். பதுளை, பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றாகக் கணிக்கப்படுகிறது. அதனால் நம் வெட்டுப்புள்ளி கொஞ்சம் குறைவு. 2005இல் பதுளை நகரத்திலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்தது. தேயிலைத் தொழில்நுட்பத்தில் அங்கே ஒரு பட்டமே இருக்கிறது. ஆனால் கற்பிப்பது ஆங்கிலத்தில். கலைப் பாடங்களைத் தமிழில் படிக்க வேண்டுமென்றால் அங்கே வழியில்லை. உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்த தோட்டத்துப் பெண் பிள்ளை வெளியேதான் போக வேண்டும்.

ஏ5 வீதியைப் பாருங்கள். பேராதனையில் தொடங்கி, நுவரெலியா, வெலிமடை வழியாகப் பதுளைக்கு வந்து, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா தாண்டிச் செங்கலடியில் முடிகிறது. ஒரு முனையில் பேராதனைப் பல்கலைக்கழகம். மறுமுனைக்குப் பக்கத்தில் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். நம் ஊர் நடுவில். எந்தப் பக்கம் போனாலும் ஒரு நாளில் போய் வகுப்பு முடித்துத் திரும்பி வந்து பிள்ளைக்குச் சோறு ஊட்ட முடியாது. ஹொஸ்டலில்தான் தங்க வேண்டும். ஹொஸ்டலில் பிள்ளைக்கு இடமில்லை. பல பீடங்களில் 80 வீத வரவு கேட்கிறார்கள். பிள்ளையின் காய்ச்சல் எந்தக் கணக்கிலும் வராது.

எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். லுணுகலைப் பக்கத்துத் தோட்டம். முதல் தடவை உயர்தரத்தில் புள்ளி போதவில்லை. இருபதில் கல்யாணம், இருபத்தொன்றில் பிள்ளை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு படித்து மூன்றாவது தடவையில் கம்பஸ் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அதற்கு அடுத்த நாளே அந்தக் கேள்வி வந்தது. கடைசியில் அம்மாயிதான் பேரை வெட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தார், பேத்தியைப் பார்க்க.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். 2021இல் நாள் சம்பளம் 1,000 ரூபா ஆனது. மாதம் இருபது பேர் என்றாலும் 20,000. அந்த நாட்களில் மஹாபொல மாதம் 5,000 ரூபா அளவில்தான். இலவசக் கல்வி என்கிறோம். அந்த வீட்டில் அதன் மாதச் செலவு ஓர் அம்மாயியின் முழுச் சம்பளம். அதை யாரும் எந்தப் படிவத்திலும் கேட்கவில்லை. அக்கா இப்போது மூன்றாம் வருடம். பிள்ளையைத் தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் விட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போகலாமா என்று அம்மாயி பார்க்கிறார். நிலையம் நல்ல நிலையம்தான். ஆனால் அவருக்கு இப்போது முழங்கால் முடியவில்லை. நாலாம் வருடத்துக்கு என்ன செய்வது என்று அக்காவுக்கு இன்னும் தெரியவில்லை.

இன்னொரு வழி திறந்த பல்கலைக்கழகம். 1980இல் தொடங்கியது. உயர்தரம் சித்தியில்லாதவர்களும் அடிப்படைப் பாடநெறியிலிருந்து ஏறி வரலாம். வயது பிரச்சினையில்லை, கல்யாணம் பிரச்சினையில்லை. பதுளையிலும் அதன் நிலையம் இருக்கிறது. பிள்ளைக்காரர்களை மனதில் வைத்துச் செய்ததற்கு இலங்கையில் மிகக் கிட்டிய பல்கலைக்கழகம் அதுதான். ஆனால் அங்கே காசு கட்ட வேண்டும். வகுப்பும் பெரும்பாலும் வார இறுதியில். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பரா மூடியிருக்கும், ஏனென்றால் அன்றைக்குக் கொழுந்து இல்லை. இலவசமான இடத்தில் பிள்ளைக்கு வழியில்லை, பிள்ளைக்கு வழியுள்ள இடம் இலவசமில்லை.

பதின்மூன்று நாள்

வேறு இடங்களில் என்ன நடந்தது? 1880களில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்தவர் காதம்பினி கங்குலி. இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவர். கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்றபடியே படித்தார். அவரைப் பற்றி 1888இல் ஒரு கடிதத்தில் ஆச்சரியப்பட்டு எழுதியவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல். பிரசவத்துக்காக அவர் கல்லூரிக்கு வராமல் இருந்தது பதின்மூன்றே நாள் என்பதுதான் ஆச்சரியம். நாங்களும் வாசித்து ஆச்சரியப்பட்டோம். பிறகு யோசித்தோம். பதினாலாம் நாள் அந்தப் பிள்ளை யார் கையில் இருந்தது? சாதனைப் பெண்களின் கதைகளில் இந்த ஒரு கை எப்போதும் காணாமல் போய்விடுகிறது. அது ஒரு பாட்டியாக, ஓர் அக்காவாக, ஒரு வேலைக்காரப் பெண்ணாக இருக்கும். அவர் படிக்காமல் இருப்பார். ஒருத்தி படிக்க இன்னொருத்தி நிற்கிற ஏற்பாட்டை நாம் சாதனை என்று கொண்டாடிக்கொண்டே இருக்க முடியாது.

இரண்டாவது உதாரணம் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்டில் ரஸ்கின் என்று தொழிலாளர்களுக்கான ஒரு கல்லூரி. 1970 பெப்ரவரி கடைசியில் பெண்கள் அங்கே ஒரு பெரிய மாநாடு நடத்தினார்கள். வரலாற்று மாணவிகள் சிலர் பெண்களின் வரலாற்றைப் பேச வேண்டும் என்று தொடங்கியது, ஓர் இயக்கத்தின் முதல் மாநாடாகவே ஆகிவிட்டது. அங்கே எழுந்த நாலு கோரிக்கைகளில் ஒன்று, 24 மணித்தியாலமும் இயங்கும் இலவசப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம். அதைவிட முக்கியம், மாநாடு நடந்த நாட்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது ஆண்கள். அவர்களில் ஒருவர் ஸ்டூவர்ட் ஹோல். ஆமாம், கலாசாரக் கற்கைகளில் நாம் பரீட்சைக்குப் படிக்கிற அதே ஸ்டூவர்ட் ஹோல்தான். "பிள்ளைய யாரு பாக்குறது?" என்ற கேள்விக்கு, "நாங்க பாக்குறோம், நீங்க போய்ப் பேசுங்க" என்று ஆண்கள் சொன்ன ஓர் இடம் வரலாற்றில் இருக்கிறது.

நாங்கள் கேட்பது

தோட்டம் நமக்குச் செய்த அநியாயங்கள் நிறைய. ஆனால் ஒன்றை அது நிரூபித்துக் காட்டியிருக்கிறது. தாய் வரத்தான் வேண்டும் என்று நினைத்தால், பிள்ளைக்கு ஒரு காம்பராவும் ஓர் ஆளும் கொடுப்பது ஒன்றும் முடியாத காரியமில்லை. கொழுந்துக்காக நூறு வருடத்துக்கு முன்னால் தகரக் கொட்டிலில் செய்ததை, பட்டத்துக்காக இன்றைய பல்கலைக்கழகங்களால் செய்ய முடியாதா?

எனவே நாங்கள் கேட்பது பெரிய புரட்சி இல்லை. பீடத்துக்கு ஒரு பிள்ளைக் காம்பரா. மாணவியின் பிள்ளைக்கும், மாணவனின் பிள்ளைக்கும், விரிவுரையாளரின் பிள்ளைக்கும், கூட்டிப் பெருக்கும் அக்காவின் பிள்ளைக்கும் அது ஒன்றாகவே இருக்கட்டும். தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் படிக்கப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கும் திறக்கட்டும், வகுப்பு நடக்கும் ஞாயிற்றுக்கிழமையும் திறக்கட்டும். டீச்சருக்கும் நர்ஸுக்கும் போட்ட திருமணமாகாதவர் என்ற நிபந்தனை போகட்டும். ஹொஸ்டல்களில் தாயும் பிள்ளையும் தங்க நாலு அறையாவது ஒதுக்கட்டும்.

தம்பிமாருக்கும் அண்ணன்மாருக்கும் ஒன்று சொல்கிறோம். உங்கள் வீட்டில் யாராவது படிக்கக் கிளம்பும்போது அந்தக் கேள்வி வந்தால், அது உங்களைப் பார்த்துக் கேட்கப்பட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரையில் சட்டங்களுக்கும் ஒப்பந்தங்களுக்கும் வருடம் போட முடிந்தது. படிப்பை நிறுத்திப் பிள்ளை பார்த்த அக்காமாருக்கு எங்களால் வருடம் போட முடியவில்லை. அவர்களிடம் யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பெரியம்மாவிடம், அத்தையிடம், அம்மாயியிடம் இந்த வாரம் கேளுங்கள்: எந்த வகுப்பில் நிறுத்தினார்கள், யாருடைய பிள்ளையைப் பார்க்க நிறுத்தினார்கள், அந்தத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா எங்கே இருந்தது, அங்கே பிள்ளை பார்த்த அம்மாவின் பெயர் என்ன. அவர்களுக்குச் சம்மதமென்றால் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த கட்டுரையை அவர்கள் சொல்வதிலிருந்து தொடங்குகிறோம்.